பிரைமரி காம்ப்ளெக்ஸ்

"பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார். எதற்கு முறைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது அழுது தீர்த்த அசதியில் மகள் என் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைச் சுற்றிக் காட்டினார். எனக்கு அதில் எலும்பும் கொஞ்சம் புகையும்தான் தெரிந்தது. "பயப்படாதீங்க, நிறைய குழந்தைங்களுக்கு வர்றதுதான். ஆறு மாசம் மருந்து. ஒரு நாள்கூட விடக் கூடாது. மூத்திரம் சிவப்பாப் போகும், அது மருந்தோட நிறம், ரத்தம்னு நெனச்சு ஓடி வராதீங்க" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது, அடுத்த குழந்தை ஏற்கெனவே கதவுக்குள் தலையை நீட்டியிருந்தது.

வெளியே வந்ததும் இவர் ஆரம்பித்துவிட்டார். "அன்னைக்கே தலதலயா அடிச்சுக்கிட்டேன். பச்சப்புள்ளய அந்த ஏசில கூட்டிட்டுப் போகாதன்னு. கேட்டியா?"

"எங்க கூட்டிட்டுப் போனேன்?"

"காம்ப்ளெக்ஸுக்குத்தான்! இப்ப டாக்டரே வாயால சொல்லிட்டாரு பாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெரிய ரோட்டில் புதிதாகத் திறந்த ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கு, தானாக நகரும் படிக்கட்டைக் காட்டலாமென்று, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அதுவும் போகலாம் என்றது இவர்தான். நான் எட்டாவது வரை படித்தவள். இவரைவிட மூன்று கிளாஸ் அதிகம். அந்தத் திமிரில், "அட அறிவே, பிரைமரின்னா ஆரம்பம். காம்ப்ளெக்ஸ்னா சிக்கல். சளி சிக்கலாகுறதுக்குள்ள ஆரம்பத்துலயே புடிச்சுட்டாங்கன்னு அர்த்தம்" என்று விளக்கம் கொடுத்தேன். அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நல்லதுதான்" என்றார். இரண்டு பேரும் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு வயதுக் குழந்தை, போன வருஷத்துச் சட்டை இந்த வருஷமும் தொளதொளவென்று தொங்குகிறது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுடும், காலையில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். மருந்துக்கடையில் கேட்டால் சளிக்கு ஒரு சிரப்பு, பூச்சிக்கு ஒரு சிரப்பு, சத்துக்கு ஒரு டானிக். வீட்டில் பாட்டில்கள் மட்டும் வளர்ந்தன. கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முன்கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி, தடிப்பை அளந்து பார்த்தார்கள். அப்புறம் வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். பெரியவர்கள் சளியைத் துப்பிக் காட்டுவார்கள், குழந்தைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், அதனால் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். நான்தான் கையையும் காலையும் பிடித்துக்கொண்டேன். என்னைப் பெற்றவளே கெஞ்சினாலும் இனி அந்த வேலைக்கு வர மாட்டேன்.

எங்கள் வரிசையில் வீடு என்றால் ஓர் அறைதான். அடுப்பு ஒரு மூலை, துணி ஒரு மூலை, மிச்சத்தில் மனிதர்கள். பெண்கள் பெரும்பாலும் தையல் கம்பெனிக்குப் போகிறவர்கள். குழந்தைகளை எங்கே விடுவது? கடைசி அறையில், ரேடியோக்காவிடம். அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கண் விழித்ததிலிருந்து மூடும்வரை பேசிக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். ஒரு மணி நேரம் கதை சொன்னாள், கேட்டு முடித்த பிறகும் அந்த ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. காலையில் நாங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடுவோம். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். கத்துகிறவன் பட்டாசு. எதையும் விட்டுத்தராதவள் வக்கீல். என் மகள் எறும்பு. மிச்சம் மீதி எது கீழே கிடந்தாலும் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாள் என்பதால் அந்தப் பெயர்.

எறும்பு பிறந்ததே அக்காவின் கையில் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வலி எடுத்த அன்று இவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அக்காதான் ஆட்டோ பிடித்து, பிரசவ வார்டில் இருந்த அத்தனை பேரிடமும் சண்டை போட்டு, கட்டில் வாங்கிக்கொடுத்து, குழந்தையைத் துணியில் சுற்றி முதலில் வாங்கினாள். நான் திரும்ப வேலைக்குப் போனபோது எறும்பு பாயில் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்கா மல்லாந்து படுத்து, அதைத் தன் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொள்வாள். இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடும். "உன் புள்ளைக்கு நான்தான்டி மெத்தை" என்பாள். மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காதது என் பிள்ளைக்குக் கிடைக்கிறதென்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று சொன்னதும் தெருவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "அவ்வளவுதானா? நான்கூட என்னவோன்னு பயந்துட்டேன். எங்கண்ணன் பொண்ணுக்கும் இருந்துச்சே, இப்ப குண்டா இருக்கா" என்றாள் பட்டாசின் அம்மா. அக்கா எறும்பை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு, "உன் புள்ளயத் தேத்திக் காட்டலேன்னா என்னை ஏன்னு கேளு" என்று சபதம் போட்டாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. "பேசிப் பேசித் தொண்டை போச்சு" என்று அதற்கும் அவளே சிரித்தாள். எங்களுக்கு அது பழகிய சத்தம்தான். மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மில் சத்தம் கேட்காதில்லையா, அப்படி.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வந்தார். ஸ்கூட்டரை எங்கள் வரிசையில் நிறுத்தாமல் மளிகைக்கடைப் பக்கமே விட்டுவிட்டு, கையில் ஒரு காய்கறிப் பையோடு, சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதுபோல நடந்து வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். பையில் காய்கறி இல்லை, எடை மெஷின்தான் இருந்தது. எறும்பை எடை பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், மாத்திரை அட்டையில் காலியான குழிகளைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லாக் குடுக்குறீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆஸ்பத்திரியில் எனக்கும் இவருக்கும் எடுத்த எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது என்றார்.

"அப்ப பிரச்சினை இல்லல்லம்மா?"

"இருக்கும்மா. உங்க ரெண்டு பேர்கிட்ட இல்லேன்னா வேற யார்கிட்டயோ இருக்கு. குழந்தைக்கு இது தானா வராது. இருமுற பெரியவங்க யார்கிட்டயாவது இருந்துதான் வந்திருக்கும்."

எனக்குப் புரியவில்லை என்பது என் முழியிலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "பிரைமரி காம்ப்ளெக்ஸ்னா டிபிதான்மா. குழந்தைக்கு வந்தா அப்படிச் சொல்றது. டிபின்னு சொன்னா பாதிப் பேர் மருந்து வாங்காமலே ஓடிடுறாங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான், தெருவுக்கே தெரியும். "அப்ப எங்கள ஏமாத்துனீங்களா? நானும் எங்க வீட்டுக்காரரும் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுன்னு பேசிட்டு இருந்தோம் தெரியுமா?" என்று கத்திவிட்டேன். அந்தம்மா சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "கத்துங்க. ஆனா மருந்த விடலையே நீங்க, அது போதும். முழுசாக் குடுத்தா முழுசாக் குணமாயிடும், அதுல சந்தேகமே வேண்டாம்" என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் கேட்டார், "பகல்ல யாரு பாத்துக்குறாங்க?"

அக்காவின் இருமல் அப்போதுதான் எனக்கு முதல் முறையாகக் கேட்டது. நிஜத்தில் இல்லை, மனசுக்குள். நெஞ்சின் மேல் கவிழ்ந்து தூங்குகிற என் பிள்ளையின் தலை, அதற்கு ஒரு சாண் மேலே அந்த வாய். வாய் திறந்தால் என்ன ஆகும் என்றும் அடுத்த நொடியே தெரிந்தது. அக்காவின் அறையை மூடுவார்கள். டிபி என்ற பெயரோடு அந்தத் தெருவில் ஒருத்தி தண்ணீர்க் குழாய்ப் பக்கம்கூடப் போக முடியாது. பிள்ளைகளை விட இடமில்லாமல் நாங்கள் அத்தனை பேரும் வேலையை விட்டு உட்கார வேண்டும். "நானேதான் பாத்துக்கறேன்" என்றேன்.

நர்ஸம்மாவின் கண் என் தோளுக்குப் போனது. ரவிக்கையில் மூன்று நாலு நிறத்தில் நூல் பிசிறுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, கம்பெனியிலிருந்து நேராக வந்தவளுக்கு வேறென்ன இருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பெரியவங்க மருந்து சாப்பிட ஆரம்பிச்சாப் போதும், கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவுறது நின்னுடும். அவங்களும் பொழச்சுக்குவாங்க. கூட இருக்குற சின்னப் பிள்ளைங்களுக்கு வராம இருக்கவும் மாத்திரை இருக்கு. யாருன்னு தெரியலேன்னா இது எதுவும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவை அடுப்பு மேடையில் வைத்தார். "காலைல எழுந்ததும் வாய் கொப்பளிச்சுட்டு, ஆழமா இருமி இதுல சளியத் துப்பணும். யாருக்குன்னு நீங்க ஞாபகப்படுத்திப் பாருங்க."

ராத்திரி இவரிடம் சொன்னேன். சோற்றில் கை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அப்ப காம்ப்ளெக்ஸ் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "அக்காவா?" என்றார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, தூங்குகிற எறும்பின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எறும்பை அனுப்பவில்லை. நானும் வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் போனில், "உனக்கு மட்டும்தான் புள்ள இருக்கா?" என்று கத்தினான். இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். வீட்டு வாசலில் உட்கார்ந்தால் கடைசி அறை தெரியும். வக்கீலுக்குத் தலை வாரிக்கொண்டே அக்கா ஏதோ சொல்கிறாள், இருமுகிறாள், திரும்பச் சொல்கிறாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை மாசமாக இருமுகிறவள் போய்க் காட்டியிருக்க வேண்டாமா? வாயைத் திறந்தால் ஊர்க்கதை எல்லாம் வருகிறது, தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வராதா? உடனே இன்னொன்றும் தோன்றியது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்கு எங்கள் பிள்ளைகளை யார் பார்த்திருப்பார்கள்? போக வேண்டாம் என்று நாங்களே கெஞ்சியிருப்போம். பக்கத்து அறையில் யாரோ குழந்தையிடம், "எறும்புக்கு வந்த பிரைமரி உனக்கும் வரப்போவுது, சட்டையைப் போடு" என்று கொஞ்சுவது கேட்டது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

மத்தியானம், பிள்ளைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போனேன். எறும்பைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, டப்பாவை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். அறை புழுங்கிக் கிடந்தது. லாரிச் சத்தத்தில் பிள்ளைகள் எழுந்துவிடுமென்று இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தாள். பாயில் வரிசையாகக் கிடந்தன பிள்ளைகள். பட்டாசு அக்காவின் மடியில் தலை வைத்திருந்தான். நான் நேராகப் போய் ஜன்னலைத் திறந்தேன்.

"சாத்துடி, லாரி வந்தா இவன் முழிச்சுக்குவான். இவன் முழிச்சா தெருவே முழிச்சுக்கும்."

"காத்து வரட்டும்க்கா."

"அது என்ன இன்னைக்குப் புதுசாக் காத்து? எறும்பு எங்க?"

"தூங்குறா. அக்கா, ஒரு நடை ஆஸ்பத்திரிக்கு வாங்களேன். நெஞ்ச ஒரு போட்டோ எடுத்துப் பாத்துடலாம்."

"எதுக்குடி? என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. மடியில் கிடந்தவன் முகத்துக்கு நேராகவே இருமினாள். "இந்த இருமலத்தான் சொல்றேன். எறும்புக்கு வந்தது உங்களுக்கும் இருக்குமோன்னு…"

"பிரைமரியா? எனக்கா? மூணாங்கிளாஸோட பிரைமரிய விட்டு ஓடி வந்தவடி நான். இந்த வயசுல திரும்பச் சேத்துக்குவாங்களா?"

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இப்படியே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். அதற்குத்தானே அப்படி ஒரு பெயர். நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, "அதுக்குப் பேரு டிபி, அக்கா" என்றேன்.

பேச்சு நின்றது. அவள் கை வாய்க்குப் போனது, பிறகு அந்தக் கையை விலக்கிப் பார்த்தாள். "எறும்புக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "பொழச்சுக்குமில்ல?" பிழைத்துக்கொள்ளும், மருந்து கொடுக்கிறேன், கட்டிகூடக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றேன். நர்ஸம்மா சொன்ன மற்றதையும் தப்பும் தவறுமாகச் சொன்னேன். முழுசாகச் சொல்ல விடவில்லை அவள். பட்டாசின் தலையை மெதுவாகத் தூக்கித் தலையணைக்கு மாற்றினாள். எழுந்து, பிள்ளைகளை மிதிக்காமல், சுவரோரமாகவே நடந்து, வாசற்படியைத் தாண்டி வெளியே போய் உட்கார்ந்தாள். நானும் பின்னால் போனேன்.

"நெஞ்சுல போட்டுத்தானடி தூங்க வெச்சேன்" என்றாள்.

ஒரு கூடைத் திட்டு சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "நான் என் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

"தம்பி வீட்ல குழந்தைங்க இல்லையா?"

"கைக்குழந்தை இருக்கு."

"அப்ப அங்க போய் அத யாரு நெஞ்சுல போட்டுத் தூங்க வெப்பா? நீ எங்கயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்." இத்தனை வருஷத்தில் அவளை நான் நீ என்று சொன்னது அன்றுதான். இரண்டு பேருமே அதைக் கவனித்தோம், இரண்டு பேருமே கவனிக்காததுபோல இருந்தோம். டப்பாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, எப்படித் துப்ப வேண்டும் என்று சொன்னேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அவள் வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்களிடம் தலைவலி என்றாளாம்.

காலையில் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தேன். கடைசி அறைக்கு முன்னால் கூட்டம். கதவில் பூட்டு. இடுப்பில் பிள்ளையும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாக அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விடியற்காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்த ஒருத்தி, அக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். "சொல்லாமக் கொள்ளாம இப்படிப் போனா நாங்க என்ன பண்றது? லேட்டானா உள்ளயே விட மாட்டான்" என்று பட்டாசின் அம்மா அழாத குறையாக நின்றாள். பட்டாசு அவள் தோளில் முகத்தைப் புதைத்து இரண்டு தடவை இருமினான். சாதாரணச் சளியாகவும் இருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. கட்டையில் டப்பா இல்லை, கோபத்தில் எங்கே விட்டெறிந்தாளோ என்று நினைத்தேன்.

போய்விட்டாள். மருந்து மாத்திரை இல்லாமல், அந்த இருமலோடு, ஒரு கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு. நான் சொன்னதால்தான் போனாள். சொல்லாமல் இருந்திருக்கவும் முடியாது. இங்கே நிற்கிற ஆறேழு பிள்ளைகளும் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்து அனுப்பப்படும், யாரும் யாரையும் எங்கேயும் காட்டப்போவதில்லை. அக்காவின் பெயரைச் சொல்லலாம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அதைச் சொன்னால், அவள் திரும்பி வர இந்தத் தெருவில் இடமே இருக்காது. என் இடுப்பில் எறும்பு உட்கார்ந்துகொண்டு பூட்டைப் பார்த்துக் கையை ஆட்டியது.

"எம் பொண்ணுக்கு டிபி" என்றேன்.

கூட்டம் திரும்பியது. பட்டாசின் அம்மா, "பிரைமரின்னுதான சொன்ன?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். எனக்கே முந்தாநேத்துத்தான் தெரியும். உங்க புள்ளைங்களயும் இன்னைக்கே ஆஸ்பத்திரில காட்டணும். வராம இருக்கவே மாத்திரை இருக்கு."

எறும்புக்குப் பூ வைத்துவிடுகிற வக்கீலின் அம்மா, தன் மகளை இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அது வலித்தது. மறைக்க மாட்டேன், செருப்பால் அடித்ததுபோல வலித்தது. "அறிவிருக்காடி உனக்கு? எங்க புள்ளைங்களோட விளையாட விட்டிருக்க" என்று ஒருத்தி பாய்ந்தாள். சின்னக் குழந்தையிடமிருந்து பெரும்பாலும் பரவாது, பெரியவர்களிடமிருந்துதான் வரும் என்றேன். "அப்ப யாருகிட்டேருந்து?" என்றாள். நான் எறும்பை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். ஒவ்வொருத்தியாகப் பூட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"யாரா இருந்தா என்ன?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இவர். லோடுக்குக் கிளம்பிய வண்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு, சாவியோடு நின்றார். "வண்டி சும்மாத்தான் நிக்குது. வர்றவங்க ஏறுங்க. லோடு மத்தியானம் போனாப் போதும்." அந்த மனுஷனை அன்று பார்த்தபோது, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கதைக்காக வாழ்நாள் முழுக்கக் கேலி செய்யலாம் என்று வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டேன். மூன்று பேர் ஏறினார்கள். பட்டாசின் அம்மா முதலில் ஏறினாள். வக்கீலின் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வேகமாக எதிர்ப்பக்கம் நடந்தாள். மற்றவர்கள் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அதுவும் உண்மைதான்.

நெஞ்சு நோய்ப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம். கட்டடத்துக்கு வெளியே, மதில் சுவரை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில், மற்றவர்களிடமிருந்து தள்ளி, மடியில் துணிப்பையும் வாயில் முந்தானையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் உட்கார்ந்திருந்ததால் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

நான் எறும்பை இறக்கி, பட்டாசின் அம்மா பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கிட்ட வராத" என்றாள். நான் நின்றேன்.

"தம்பி வீட்டு பஸ்ஸு இந்த வழியாத்தான் போவுது" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "கண்டக்டர் ஆஸ்பத்திரின்னு கத்துனான். எறங்கிட்டேன்."

"டப்பா?"

"குடுத்துட்டேன். பதினொரு மணிக்கு மேல சொல்றாங்களாம்." அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பட்டாசின் அம்மாவையும் மற்ற இரண்டு பேரையும் பிள்ளைகளோடு பார்த்ததும் அவள் கண் பயந்துவிட்டது. "சொல்லிட்டியா?"

"எறும்புக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அந்தப் பக்கமிருந்து ஒரு கீச்சுக்குரல் கேட்டது. எறும்பு அவளைப் பார்த்துவிட்டது. பட்டாசின் அம்மா பிடிப்பதற்குள் கையை உருவிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அக்கா வெடுக்கென்று எழுந்தாள். பை கீழே விழுந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள். எறும்புக்கு இது விளையாட்டாகப் போயிற்று. கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடியது. நான் எட்டிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மதில் சுவர் வந்ததும் அக்காவுக்குப் பின்னால் போக இடமில்லை. அவள் சட்டென்று திரும்பி, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள். எறும்பு அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்து, "தூக்கு, தூக்கு" என்றது.